குரல் வருமுன்

எங்கள் கட்டட வரைபட அலுவலகத்தில் ஐந்து பேர் இருந்தோம். மாலை நாலு மணிக்குக் கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு பாட்டு, நாற்காலி வரிசைப்படி. நாலாவது நாற்காலி 'படிக்கட்டு' அண்ணனுடையது. மாடிப்படி வரைவதில் அவர் மன்னர். தினமும் ஒரே பாட்டைத்தான் போடுவார். வயலின் இழுத்துக்கொண்டே போகும். குரல் வருமுன் நான் ரிமோட்டை அமுக்கி நிறுத்திவிடுவேன்.

"பாடகர் வாயைத் திறக்கறதுக்குள்ள நமக்குப் பென்ஷன் வந்துடும்ணே."

"ஒரு நாளாவது முழுசா கேளுடா," என்று சிரிப்பார். நான் கேட்கவில்லை. எனக்கு என் ஜோக்குதான் பெரிது.

அண்ணன் இறந்து இரண்டு மாதமாகிறது. இப்போதும் மூன்றாவது பாட்டு முடிந்ததும் அந்த வயலின் தானாகத் தொடங்குகிறது. கம்ப்யூட்டரில் அப்படியொரு பாட்டே இல்லை, தேடிவிட்டோம். தினமும் குரல் வருமிடத்தில் நின்றும்விடுகிறது. பழக்க தோஷத்தில் நான்தான் அமுக்குகிறேன் என்று எல்லோருக்கும் சந்தேகம். அந்தக் குரலை ஒரு தடவையாவது கேட்டுவிட மாட்டோமா என்று தவிப்பவனும் நான்தான்.

நேற்று ரிமோட்டைப் பொறியாளர் அக்காவிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன். வயலின் ஓய்ந்தது. ஸ்பீக்கரில் யாரோ பாடுவதற்காக மூச்சை இழுத்தார்.

பாட்டு நின்றது.

"இன்னைக்குமா? உனக்கு மனசே கிடையாதாடா?" என்றார் அக்கா.

"ரிமோட் உங்க கையிலதானேக்கா இருக்கு!"

அக்கா தன் கையைப் பார்த்தார். அது காலியாக இருந்தது.

என் தொடைக்கடியில் ஏதோ உறுத்தியது. மெல்ல வெளியே எடுத்தேன். என் கட்டைவிரல் இன்னும் ரிமோட்டை அமுக்கிக்கொண்டிருந்தது.