மண் அணையோட பச்சைப் புல்லு

அணைக் கதைன்னதும், உடையப்போகுதுன்னு வேட்டிய மடிச்சுக் கட்டிட்டீங்களா? உக்காருங்க, இது புல்லுக் கதை.

குட்டி போட எடம் தேடி வந்த முயலுக்கு ஒரே ஆச்சரியம். பங்குனி வெயில்ல ஊரே காஞ்சு கெடக்க, மழை வெள்ளத்த மறிச்சுத் தேக்கி வச்சிருக்குற சின்ன மண் அணையோட அடியில மட்டும் புல்லு பச்சைப்பசேல்னு இருந்துச்சு.

"எப்பிடிண்ணே இது?"

"நம்ம மண்ணு ராசி, தாயி," அணை நெஞ்ச நிமித்துச்சு. "ஜீப்ப விட்டு எறங்காமலே இன்ஜினியர் நல்லாருக்குன்னு எழுதிட்டுப் போனாரு. பயப்படாம குழி தோண்டு."

முயல் கால வச்சுச்சு. சொதசொதன்னு இருந்துச்சு. "ஈரமா இருக்கேண்ணே?"

"உழைக்கிற ஒடம்பு தாயி, வேர்வை!"

புல்லுக்குள்ள இருந்த தவளைக்குச் சிரிப்பு தாங்கல. "வேர்வையா? அந்தப் பக்கத்துத் தண்ணிண்ணே, உங்க வயித்துக்குள்ள பூந்து வருது! நேத்து வரைக்கும் தெளிவா வந்துச்சு. இன்னிக்கு உங்க மண்ணையும் கரைச்சுக்கிட்டு வருது."