பித்தளைப் பொத்தான்

தேவானையின் கண்கள் மூடியிருந்தன. அவளுடைய ஆள்காட்டி விரல் வடிவேலுவின் கைக்குள் இருந்தது.

கோபாலபுரத்துப் பட்டறை வாசலில், இடுப்பில் குழந்தையோடு நின்ற ரத்னாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பிறவியிலேயே பார்வை இல்லாத அவள் புருஷன் வடிவேலு அங்கேதான் பிரம்புக்கூடை முடைகிறான். கல்யாணமான நாள்முதல் சாயங்காலம் வந்து, அவன் கையைப் பிடித்து மயிலாப்பூர் கால்வாய்க்கரைக்குக் கூட்டிப்போகிறவள் ரத்னாதான். இன்று கொஞ்சம் சீக்கிரமாக வந்துவிட்டாள்.

"இங்க வளையணும்மா. தெரியுதா?" வடிவேலு அந்த விரலை ஒரு துணியின்மேல் மெல்ல நகர்த்தினான்.

"ஒண்ணும் புரியலை. மணி இன்னும் பெருசா இருக்கணும்" என்றாள் தேவானை, கண்ணைத் திறக்காமலே.

எப்படிச் சொக்கிப்போய் உட்கார்ந்திருக்கிறாள் பார், சிறுக்கி! ரத்னா பல்லைக் கடித்தாள்.

தேவானை அந்தப் பட்டறையின் வாத்தியாரம்மா. பார்வையில்லாதவர்கள் தடவிப் பார்த்து வழி தெரிந்துகொள்ளத் துணியில் தெருப்படம் தைத்துக் கொடுப்பாள். கயிறுதான் தெரு, பாசிமணிதான் குழாயடி, மரத்துண்டுதான் மரம். அப்படி ஒரு படம் கைக்கு வந்ததிலிருந்து, வடிவேலுவோடு கூடை முடையும் நல்லசிவம் தனியாகவே வீட்டுக்குப் போகிறான். அவன் பெண்டாட்டி இந்தப் பக்கம் தலைகாட்டுவதே இல்லை. அடுத்தது தன் முறைதான் என்று ரத்னா பயந்தாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் ரத்னா நொண்டிக்கொண்டே நடந்தாள். போன வாரம் யுத்தகால இருட்டடிப்பில், குண்டுவீச்சுக்கான அபாயச் சங்கு ஊதியபோது, பயத்தில் குழந்தையோடு ஓடிச் சாக்கடையில் விழுந்ததில் முழங்காலில் பட்ட காயம். அன்றைக்கு அவளைத் தூக்கி நிறுத்தி, கைப்பிடித்துக் கூட்டிப்போனவன் வடிவேலு.

"இன்னாய்யா அந்தத் துணி?"

"முடியட்டும், சொல்றேன்." அவன் சிரித்தான். "அப்புறம், திங்கக்கெழமைலேர்ந்து நீ என்னைக் கூப்புட வராதே. மிலிட்டரிக்குக் கூடை கேட்டுக்கீறாங்க. ராத்திரி வேலை. நானே வந்துடுவேன்."

வராதேயாம்! இத்தனை நாள் பிடித்த கை இப்போது கசந்துபோச்சாக்கும்.

சனிக்கிழமை அவன் துணியைச் சுருட்டிக் கொண்டுவந்தான். பாய்க்கு அடியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். அவ்வளவுதான், ரத்னா அதை உருவி விரித்தாள்.

முதலில் ஒரு சோழி. பக்கத்தில் இருந்தவற்றைப் பார்த்ததும் அது தங்கள் குடிசை என்று தெரிந்தது. அடுத்து குழாயடி, புளியமரம், கால்வாய்ப் பாலம். பாலத்தைத் தாண்டிக் கயிறு வளைந்து, பெரிய பித்தளைப் பொத்தான் ஒன்றில் போய் முடிந்தது.

அந்தப் பக்கம் இவர்களுக்கு ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. அப்படியானால் அது யார் வீடு? வீட்டு வாசல் வரைக்கும் மணி தைத்து வரவேற்கிறாளா அந்த மகராசி? ரத்னா அரிவாள்மணையை இழுத்துப் போட்டாள். சரக் சரக்கென்று நூல் அறுந்து மணிகள் தரையெல்லாம் உருண்டன.

ஈரத்தலையோடு வடிவேலு வாசலில் நின்றான். "இன்னா கொட்டுது?"

"உன் வாத்தியாரம்மா வூட்டுக்குப் போற வழி கொட்டுது! நான் செத்தா பூட்டேன்? உனக்கு வழிகாட்ட அவ இன்னாத்துக்குய்யா?" சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவன் கீழே குனிந்தான். தரையைத் தடவித் தடவி மணிகளைப் பொறுக்கினான். கடைசியில் பித்தளைப் பொத்தான் அகப்பட்டது.

"இது வூடு இல்லம்மே. பாலத்துக்கு அந்தாண்ட, குண்டு போட்டா பதுங்கறதுக்குக் குழி வெட்டிக்கீறாங்களே, அது."

"அந்த வழி உனக்குக் காலுக்கே தெரியுமே! போன வாரம் நீதானே எங்களைக் கூட்டிக்கினு..." ரத்னா பாதியில் நிறுத்தினாள். முழங்கால் சுருக்கென்று வலித்தது.

வடிவேலு அவள் விரலைத் தேடிப் பிடித்துப் பொத்தானின்மேல் வைத்தான்.

"ராத்திரில இனிமே நான் வூட்ல இருக்கமாட்டேனே. வெளக்கணைஞ்சா கண்ணு தெரியாதவ நீதானே ரத்னா?"