பன்னிரண்டு தீப்பெட்டிகள்

சோளக்காடு ஊர்ச் சந்தையிலிருந்து மலைப்பாதையில் திரும்பிய இருசாயியைப் பாரஸ்ட் கார்டு வழிமறித்தார். அவள் கூடையில் பன்னிரண்டு தீப்பெட்டிகள் இருந்தன.

“முந்தாநாள்தான் மேல்காடு எரிஞ்சுபோச்சு. உனக்கு எதுக்கு இத்தனை தீப்பெட்டி?”

“பள்ளிக்கூடத்துக்குங்க.”

“பள்ளிக்கூடத்துக்குத் தீ வைக்கவா? நட ஆபீசுக்கு! இன்னிக்கு உனக்கு ஜெயில்தான்.”

“போலாமுங்க. அதுக்கு முன்னால ஒண்ணைத் திறந்து பாருங்க.”

கார்டு ஒன்றைத் திறந்தார். அப்புறம் எல்லாவற்றையும் திறந்தார். ஒன்றில்கூடக் குச்சி இல்லை.

“சந்தையில வீசினதைப் பொறுக்கினேனுங்க. மேல ஒட்டியிருக்கற படத்தைக் காட்டித்தான் வாத்தியாரு புள்ளைங்களுக்கு இங்கிலீசு சொல்லித் தர்றாரு. படம் போட்ட புஸ்தகம் ஏதுங்க இந்த மலையில?”

காக்கிச் சட்டை லேசில் நம்புமா? குதிரைப் படத்தை நீட்டினார். “இதுக்கு இங்கிலீசுல என்ன, சொல்லு.”

“ஆர்சுங்க. எம் மவ ஊட்டுல நாளெல்லாம் கத்தறாளுங்க.”

அது சரியா தப்பா என்று கார்டுக்குத் தெரியவில்லை. பெட்டிகளையெல்லாம் மூடித் திரும்ப வைத்தார். பிறகு தன் தீப்பெட்டியை எடுத்து, குச்சிகளைச் சட்டைப் பையில் கொட்டிக்கொண்டு, காலிப் பெட்டியை அவள் கூடையில் போட்டார்.

“இதுல மயிலு இருக்கு. அதுக்கு என்னன்னு கேட்டு வந்து சொல்லு.”