யாரும் திரும்பாத ஏலம்

ஒரு முகம்கூடக் கேமராவைப் பார்க்கவில்லை.

கார்த்திகா அந்தச் சின்னக் கேமராவை வாஜித்தின் கேமராக் கடைக் கண்ணாடி மேசைமேல் வைத்துவிட்டு, பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி நின்றாள்.

பத்து வருஷமாகக் கல்யாண வீடுகளில் "இங்கிட்டுப் பாருங்க, கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லிச் சொல்லியே புதுக்கோட்டையில் பேர் வாங்கியவள் அவள். அந்தப் பேர்தான் இப்போது வினையாக வந்து நின்றது.

சென்னையில் ஒரு புகைப்படக் கண்காட்சி. தெருவிலும் சந்தையிலும் எடுத்த படமாக ஒன்றே ஒன்று அனுப்ப வேண்டும். படத்தில் இருப்பவர்கள் படத்துக்காக நிற்கக் கூடாது, அதுதான் நிபந்தனை.

இரண்டு வருஷம் அனுப்பினாள். இரண்டு வருஷமும் எல்லாரும் போஸ் கொடுக்கிறார்கள் என்று ஒதுக்கிவிட்டார்கள். இந்த வருஷத்துக் கெடு இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு முடிகிறது. இதுவும் தேறாவிட்டால் முகூர்த்தப் பந்தலே கதி என்று அவள் மனதுக்குள் முடிவு கட்டியிருந்தாள்.

அவள்மேலும் தப்பில்லை. ஜெகதாப்பட்டினம் மீன் ஏலக்கூடத்துக்குள் பெரிய கேமராவோடு நுழைந்தால் போதும், ஏலம் நின்றுவிடும். கூடை தூக்கியவர் கூடையை இறக்கித் தலையைக் கோதுவார். பெண்கள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு வரிசை கட்டி நிற்பார்கள். பொண்ணு மாப்பிள்ளை மட்டும்தான் குறை.

போன வாரம் பொறுக்கமாட்டாமல், ஏலம் கூறும் ஆரோக்கியம்மாளிடம் வாய்விட்டே புலம்பிவிட்டாள். யாரும் என்னைப் பார்க்காமல் இருந்தால்தான்க்கா படம் தேறும் என்று.

அதற்குத்தான் இந்தக் கேமரா. உள்ளங்கையில் அடங்கும். கிளிக் என்ற சத்தம்கூட வராது. வாஜித் தூரத்தில் நின்றே எடுக்கலாம் என்று ஜூம் வைத்த இன்னொன்றைத்தான் சிபாரிசு செய்தான். ஒளிந்து நின்று எடுப்பது அவளுக்குப் பிடிக்காது. பக்கத்தில் போய் நிற்க வேண்டும், ஆனால் தெரியக் கூடாது.

"சரி, ஒரு நாளைக்குக் கொண்டுபோய்ப் பாருங்க. கை ஒத்துவந்தா வச்சுக்கங்க," என்றிருந்தான்.

நேற்றுக் காலை கொண்டுபோனாள். இருபது பேர் இருந்தார்கள். ஒரு முழம் தள்ளி நின்று எடுத்தாள், ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கூட்டத்துக்குள் புகுந்து புகுந்து எடுத்தாள், அப்போதும் இல்லை. பத்து வருஷத்தில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம் வாய்த்ததில்லை.

வாஜித் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். அவனும் ஜெகதாப்பட்டினத்துக்காரன்தான். முதலில் பத்துப் படம் வரைக்கும் தலையை ஆட்டினான். அப்புறம் தலை ஆடவில்லை.

"நேத்தா எடுத்தீங்க? காத்து அடிக்குதுன்னு மூணு நாளா ஒரு போட்டும் கடலுக்குப் போகலையே. மீன் ஏது?"

படத்தைப் பெரிதாக்கினான்.

வால் பிய்ந்த ஒரு பாரை மீன். முதல் படத்தில் அதை மீன் வியாபாரி இன்னாசி ஏலம் எடுத்திருந்தார். ஆறாவது படத்தில் கூடைக்காரி செவந்தி எடுத்திருந்தாள். பதினைந்தாவதில் மறுபடியும் இன்னாசியே, முன்பைவிடக் கறாராக விரலைக் குறைத்துக் காட்டி விலை கேட்டுக்கொண்டிருந்தார். சுற்றியிருந்த கூடைகளில் ஐஸ்தான் இருந்தது. முகம் திரும்புகிறதா என்பதிலேயே கண்ணாக இருந்தவள் கூடைக்குள் பார்க்கவே இல்லை.

கார்த்திகாவுக்கு அப்போதுதான் புரிந்தது. பெரிய கேமராவுக்கு நின்று போஸ் கொடுத்தவர்கள், சின்னக் கேமராவுக்கு நிற்காமல் போஸ் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் அவளுக்காக, காலையிலேயே கூடி, ஐஸ் பெட்டியில் கிடந்த ஒற்றை மீனைத் தேடி எடுத்துவந்து. கோபப்படவும் முடியவில்லை. படத்தை அனுப்பவும் முடியாது. மணி நாலரை ஆகியிருந்தது.

வாஜித் கடைசிப் படத்துக்கு வந்தான்.

அதை எடுத்ததாகவே அவளுக்கு ஞாபகம் இல்லை. எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, தோளில் மாட்டி முதுகுப்பக்கம் தொங்கிய கேமராவைக் கையால் துழாவி அணைத்தாள். அணைப்பதற்கு முன் பக்கத்தில் இருந்த படமெடுக்கும் பட்டன் அமுங்கியிருக்கிறது. சின்னக் கேமராவில் இரண்டும் ஒட்டினாற்போல இருந்து தொலைக்கின்றன. சத்தமும் இல்லாததால் அவளுக்குத் தெரியவில்லை, அவர்களுக்கும் தெரியவில்லை.

கொஞ்சம் சாய்ந்த படம். அவள் போய்விட்டாள் என்று நினைத்து மொத்த ஏலக்கூடமும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தது. இன்னாசி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். செவந்தி சிரிப்புத் தாங்காமல் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நடுவில் ஆரோக்கியம்மாள், அந்தப் பாரை மீனைப் பச்சைப்பிள்ளை மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, கண்ணை இறுக மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கார்த்திகா குனிந்து அதையே பார்த்தாள். பிறகு கேமராவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, வாங்கிக்கொள்கிறேன், பெட்டி வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்றாள்.

படத்தைப் போனுக்கு மாற்றி, கண்காட்சிக்காரர்களின் விண்ணப்பத்தில் ஏற்றும் நேரத்தில் ஆரோக்கியம்மாளே போனில் கூப்பிட்டாள்.

"படம் தேறுச்சா ஆத்தா? நாங்க ஒருத்தரும் திரும்பலையே?"

"ஒருத்தரும் திரும்பலக்கா," என்று சொல்லிக்கொண்டே கார்த்திகா கடைசிப் படத்தை அனுப்பினாள்.