ஏழாவது கேள்வி

"இந்த ஆளைப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருதுப்பா" என்று சரோன் பல்லைக் கடித்தாள்.

"மெதுவா பேசும்மா, காதில விழுந்திரப் போவுது" என்றார் அல்பிரட்.

விழட்டுமே! தோட்டத்து லய வீடுகளுக்கு முன்னால் ஜீப் நின்றது. உள்ளே தோட்டத்து உதவி மேனேஜர் சின்னத்தொரை உட்கார்ந்திருக்க, கிளாக்கர் ரெஜினோல்ட் மழையில் வீடு வீடாய் ஏறி இறங்கிக் கடுதாசி கொடுத்துக்கொண்டிருந்தார். நம்ம ஆள்தான். ஞாயிற்றுக்கிழமை நம்ம கோயிலில்தான் முழந்தாளிடுவார். ஆனால் தொரை தும்மினால் இவர் துண்டை நீட்டுவார், அப்படியொரு மனுஷன்.

"அல்பிரட், கூரைத் தகரத்துக்குக் கடுதாசி. நாளைக்குக் காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்கு வரும்போது கையெழுத்துப் போடணும்."

"ஐயா, நாலு பக்கமும் இங்கிலீஷா இருக்குதுங்களே?"

கிளாக்கர் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார். "தகரத்துக்குன்னு சொல்றேன்ல? சும்மா கேள்வி கேட்டுக்கிட்டு!"

பிறகு தோள் பையிலிருந்து வேறு சில தாள்களை எடுத்துச் சரோனிடம் நீட்டினார்.

"அடுத்த கிழமைதானே சட்டக் கல்லூரிப் பரீட்சை? இந்தா, நுண்ணறிவுக் கேள்வி முப்பது. என் கையாலயே எழுதினேன். இன்னைக்கே செஞ்சு, காலையில பெரட்டுக்கு முந்தி ஆபீசுக்குக் கொண்டாந்து காட்டு. ஓட்டமா ஓடாம, யோசிச்சு செய்யி."

ஜீப் நகர்ந்ததும் சரோன் சிரித்தாள். "பாத்தீங்களாப்பா? அப்பன்கிட்ட கையெழுத்து வாங்க மகளுக்கு ஐஸ் வைக்கிறாரு."

"அது கெடக்கட்டும். இத ஒருக்கா வாசிச்சு சொல்லேன். தை மாசத்தோட வயசாயிருச்சுன்னு எனக்குப் பேர் வெட்டிருவாங்க. அதுக்குப் பொறகு நமக்கு வீடுன்னு இந்த லயத்துக் காம்பிரா ஒண்ணுதாம்மா. ஏதாவது ஏடாகூடமா எழுதியிருக்கப் போறாங்க."

"தகரத்துக்கு என்னப்பா ஏடாகூடம்? எனக்கு டைம் புடிச்சு செய்யணும். பேசாம போட்டுக் குடுங்க."

படிக்கிற பிள்ளையைத் தொந்தரவு பண்ணினால் பாவம் என்று நினைக்கிறவர் அல்பிரட். கடுதாசியை மடித்து பைபிளுக்குள் வைத்துவிட்டு, ரப்பர் பால் வெட்டுகிற கத்தியைத் தீட்ட வெளியே போய்விட்டார்.

சரோன் போனில் முப்பது நிமிடம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஐந்து பேர் பஸ்ஸில் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு கேள்வி. கடிகாரத்தின் முட்களுக்கு இடையே எத்தனை பாகை என்று ஒரு கேள்வி. மண்டை காய்ந்தது. ஏழாவதுதான் கொஞ்சம் மூச்சு விடவைத்தது.

'பத்திரத்தில் ஒப்பமிட்ட அனைவரும் இரவல் குடியிருப்பாளர்கள். இரவல் குடியிருப்பாளர் எவருக்கும் வேலை ஓய்ந்தபின் வீடு இல்லை. அந்தோனி பத்திரத்தில் ஒப்பமிட்டார். எனவே?'

இதெல்லாம் ஒரு கேள்வியா! வேலை ஓய்ந்தபின் அந்தோனிக்கு வீடு இல்லை. மூன்றாவது விடை. பத்து விநாடிகூட ஆகவில்லை. வட்டம் போட்டுவிட்டு எட்டாவதுக்குத் தாவினாள்.

இருபத்தாறு நிமிடத்தில் முப்பதும் முடிந்தது. அவளுக்கே அவள் மேல் பெருமையாக இருந்தது.

காலையில் அவள் ஆபீசுக்கு முந்திப் போகவில்லை. இவருக்காக நான் ஏன் விடியக் காலையில் ஓடவேண்டும் என்று வீம்பு. அப்பாவோடு பெரட்டுக் களத்துக்கே போனாள்.

மேசையில் கிளாக்கர். பக்கத்தில் நாற்காலி போட்டுச் சின்னத்தொரை. அல்பிரட் மேசைக்கு வந்ததும், கிளாக்கர் அவரைப் பார்க்காமல் சரோனைத்தான் பார்த்தார்.

"கேள்வியெல்லாம் பாத்தியாம்மா?"

"பாத்தேங்க. முப்பதும் செஞ்சாச்சு."

"நல்லா யோசிச்சியா?"

"யோசிச்சேங்க."

கிளாக்கரின் முகம் செத்துப்போனது. பேனாவை நீட்டினார். அல்பிரட் கடுதாசியை விரித்து, எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினார்.

பின்னால் வரிசையில் நின்ற மூக்காயி எட்டிப் பார்த்தாள். "அல்பிரட் அண்ணே போட்டுட்டாருல்ல? சட்டம் படிக்கப்போற புள்ள இருக்கிற வீடு. வாசிச்சுப் பாக்காமயா போடுவாரு? குடுங்கய்யா, நானும் போடுறேன்."

அவ்வளவுதான். மளமளவென்று நாற்பத்திரண்டு வீட்டுக்காரரும் போட்டார்கள். நான் வாசிக்கவே இல்லையே என்று சரோனுக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. தகரத்துக்குத்தானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

சின்னத்தொரை கடுதாசிகளை அள்ளிக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போனார். ஆட்கள் ரப்பர் மலைக்கு வேலைக்குக் கலைந்தார்கள். சரோன் விடைத்தாளை மேசையில் வைத்தாள்.

கிளாக்கர் சிவப்புப் பேனா எடுத்து ஒவ்வொன்றாகத் திருத்தினார்.

"இருபத்தெட்டு சரி" என்றார். விரலை ஏழாவது கேள்வியில் வைத்தார். "இதுவும் சரிதான்."

"அது லேசான கேள்விங்க."

"உனக்கு உடனே விளங்கணும்னுதான் லேசா எழுதினேன்."

சரோன் நிமிர்ந்து பார்த்தாள். அந்த மனுஷன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தொரையை வச்சுக்கிட்டு வாயத் தொறந்து சொல்ல எனக்குத் தைரியம் இல்லம்மா. மத்த இருபத்தொன்பதும் புத்தகத்தப் பாத்து எழுதினது. இந்த ஒண்ண மட்டும், உங்கப்பாவுக்குக் குடுத்த கடுதாசியப் பாத்து எழுதினேன்."