மூன்றாவது ஓலை

"உன் மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு பொண்டாட்டி இருந்திருக்கா, எழிலு!"

செருப்பைக்கூடக் கழற்றாமல் செல்ஃபோனை நீட்டினாள் அம்மா சசிகலா. அதில் ஒரு கல்லறையின் படம். சிலுவைக்குக் கீழே சிமெண்டில் கீறிய எழுத்து: 'மேரி, வயது 20. ஜெபகுமாரின் மனைவி. 2020.'

எழிலரசி படத்தைப் பெரிதாக்கி இன்னொரு முறை படித்தாள்.

கோயிலில் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு பூசையில் ஃபாதர் அறிவிப்பாரே, அதுதான். நாளைக்கு மூன்றாவது. அதோடு முடிந்தது.

"இத எங்க எடுத்தம்மா?"

"குவாரி பக்கத்துல, அவங்க ஊரு கல்லறைலதான். கல்லறைத் திருநாள் அன்னிக்குப் போவ முடியலியே, அங்க பொதைச்சிக்கிற சம்பந்தியம்மாவுக்கு ஒரு மெழுகுவத்தியாவது ஏத்தலாம்னு இன்னிக்குப் போனேன். அவங்க பக்கத்துலயே இது கீது. ஊரே சேந்து மறைச்சிட்டாங்கடி!"

அம்மாவின் குரல் தெருமுனை வரை கேட்டது. அவள் காதில் ஒரு சேதி விழுந்தால் போதும், அடுத்த ஷேர் ஆட்டோவில் அது படப்பை பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

எழில் உடனே ஜெபகுமாரை ஃபோனில் கூப்பிட்டாள். ஒரகடத்தில் அவள் வேலை பார்க்கும் கம்பெனிக்கு பஸ் ஓட்டுகிறவன். அதற்கு முன்னால் கல்குவாரியில் டிப்பர் லாரி. இரண்டு வருஷப் பழக்கத்தில் ஒரு நாள்கூட அதிர்ந்து பேசாதவன்.

"மேரி யாரு?"

பஸ்ஸை ஓரம் கட்டி நிறுத்தும் சத்தம் கேட்டது.

"கல்லுல எழுதிக்கீதே, எழிலு."

"அப்போ நெஜந்தானா? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அத மட்டும் கேக்காத. வாணாம்னு தோணிச்சின்னா ஓலைய நிறுத்திடு. உம்மேல ஒரு தப்பும் இல்ல."

வைத்துவிட்டான். ஒரு மன்னிப்பு இல்லை, ஒரு சமாதானம் இல்லை. கெஞ்சியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

"பொய் சொல்றவனோட என்னால ஒரு நாள்கூட வாழ முடியாதும்மா."

"நீ ஏன் அழுவுற? நாளைக்குப் பூசையில நானே எழுந்து நின்னு கேக்கறேன்."

ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. இருபது வயசில் ஒருத்தி எப்படிச் செத்திருப்பாள்? இவன் ஏதாவது செய்து... நினைப்பு போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போனது. விடிந்ததும் ஷேர் ஆட்டோ பிடித்து அந்தக் கல்லறைத் தோட்டத்துக்கே போய்விட்டாள்.

அங்கே மேரியின் கல்லறைக்கு ஒருவன் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தான். சட்டையெல்லாம் கல் உடைக்கும் கிரஷரின் தூசி. வடநாட்டு ஆள் என்று பார்த்ததும் தெரிந்தது. இவளைக் கண்டதும் பதறி எழுந்தான்.

"எழில் அக்காதானே? ஜெபா பாய் ஃபோட்டோ காட்னாரு."

"நீ யாரு?"

"மங்ரு. குவாரில வேலை." கல்லறையைக் காட்டினான். "பாய் இதப் பத்தி உங்ககிட்ட சொல்லிட்டாரா?"

'இல்லை' என்று சொன்னால் இவன் வாயைத் திறக்க மாட்டான் என்று எழிலுக்குத் தோன்றியது.

"சொல்லிட்டாரு."

அவன் முகம் தெளிந்தது. "அப்ப சரி அக்கா. இதனால உங்க கல்யாணம் நின்னுடுமோன்னு பயந்துகினே இருந்தேன். இது என் பொண்டாட்டி. பேரு பூல்மணி."

எழில் கல்லில் இருந்த 'மேரி' என்ற பெயரைத் திரும்பப் பார்த்தாள்.

"லாக்டவுன் டைம். மஞ்சக்காமாலைல செத்துட்டா. ரயில் இல்ல, ஊருக்கு எடுத்துனு போக முடியல. வெளியூர் பொணம், கொரோனாவா இருக்கும்னு எந்த சுடுகாட்டுலயும் விடல. ரெண்டு நாளு பாயோட லாரியிலயே இருந்தா. அப்புறம் பாய் இங்க கோயில் கமிட்டிகிட்ட போயி, இது என் பொண்டாட்டி மேரி, யாருக்கும் தெரியாம கட்டிக்கினேன், எங்கம்மா பக்கத்துல எடம் குடுங்கன்னு கேட்டாரு. அவ்ளோ திட்டினாங்க. தலையக் குனிஞ்சிகினே நின்னாரு."

"இத்தினி வருஷமா யாருகிட்டயும் சொல்லலியா?"

"எனக்கு சத்தியம் பண்ணிக்கீறாரு. இவ இந்தக் கோயில் ஆளு இல்லன்னு தெரிஞ்சா தோண்டி எடுக்கச் சொல்வாங்க அக்கா."

எழில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவன் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கினாள்.

ஓட்டமும் நடையுமாக அவள் கோயிலுக்குள் நுழைந்தபோது ஃபாதர் ஓலையை வாசித்து முடித்திருந்தார். அம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

"மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சி ஃபாதர்! பொண்டாட்டி கல்லறைல கீறா. எங்ககிட்ட மறைச்சிட்டான்!"

கோயிலே திரும்பிப் பார்த்தது. கடைசி வரிசையில் ஜெபகுமார் நின்றிருந்தான்.

"உண்மையாப்பா?" என்றார் ஃபாதர்.

"உண்மைதான் ஃபாதர். அவ என் சம்சாரந்தான்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். கமிட்டி முன்னால் அன்றைக்கும் இப்படித்தான் நின்றிருப்பான் என்று எழில் நினைத்தாள். உண்மையைச் சொன்னால் இந்த நிமிஷமே அவன் தலை நிமிரும். ஆனால் இருநூறு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவும்தான்.

"நீ என்னம்மா சொல்றே?" ஃபாதர் அவள் பக்கம் திரும்பினார்.

பொய் என்றாலே ஆகாத எழிலரசி, பீடத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்றாள்.

"அவரு எதையும் மறைக்கல ஃபாதர். பழகின அன்னிக்கே சொல்லிட்டாரு." சுண்ணாம்பு காயாத கையைத் தூக்கிக் காட்டினாள். "அவரு மொத சம்சாரத்தோட கல்லறைக்கு வெள்ளையடிச்சிட்டுத்தான் நேரா வரேன்."