பத்து நிமிடத் தாமதம்

கட்டுப்பாட்டு அறையில் மனைவி, மகள், மனைவியின் அண்ணன், மேற்பார்வையாளர் ஆகிய நால்வர் இருந்தார்கள். கணவனின் குரல் மட்டும் ஸ்பீக்கரில் வந்தது.

"செவ்வாய்ல குடியேற யாராவது முதல்ல போகணும்ல, குட்டிம்மா? அப்பா போனா என்ன?"

"எனக்குப் பல்லு விழுந்துடுச்சுப்பா," என்றாள் மகள்.

அது போய்ச் சேரப் பத்து நிமிடம், பதில் வர இன்னொரு பத்து நிமிடம்.

"மாப்பிள்ளைக்கு இங்க வாடகை வீடு கிடைக்கலையா என்ன?" என்றான் அண்ணன். யாரும் சிரிக்கவில்லை.

ஸ்பீக்கர் கரகரத்தது. "எந்தப் பல்லுடா?" பிறகு குரல் உடைந்தது. "முடியலம்மா. உங்க ரெண்டு பேரையும் ஒரு தடவை பார்க்கணும்."

மனைவி எழுந்து பக்கத்துச் சுவரிலிருந்த இரும்புக் கதவின் கைப்பிடியைப் பிடித்தாள். அதற்குப் பின்னால்தான் கணவன் ஏழு மாதமாக ஒத்திகையில் இருந்தான். குரலைத் தாமதமாக அனுப்புவதும் ஒத்திகையின் விதி.

"திறந்தா அவ்வளவுதான்மா. நிஜப் பயணத்துக்கு அவரை எடுக்க மாட்டாங்க," என்றார் மேற்பார்வையாளர்.

"தெரியும் சார்."

"சின்ன வயசுலேருந்து அவரோட ஆசை இது. நாளைக்கு உங்களைத்தான் திட்டுவாரு."

"பக்கத்துல இருந்து திட்டட்டும்."

மகளை இழுத்துக்கொண்டு உள்ளே போனவள், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.